முகம் பார்க்கும் படகு

கேப்டன் என்று அவருக்குப் பெயர் வைத்தது சகலை. வாழ்நாளில் எந்தத் தண்ணீரிலும் முழங்காலுக்கு மேல் இறங்காத மனிதருக்கு அந்தப் பெயரைச் சூட்டியதில் இருந்த குசும்பு ஊருக்கே புரிந்தது. கேப்டனுக்கு மட்டும் புரியவில்லை. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். யாராவது "கேப்டன்!" என்று கூப்பிட்டால் தோளைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டுதான் திரும்புவார்.

தொழில் என்று பார்த்தால் மூக்குக்கண்ணாடிக் கடை. இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?" என்று கேட்பார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று சொன்னவர்களை அவர் மன்னித்ததே கிடையாது. வில்லையில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் விளக்கருகே பிடித்துக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த பிறகு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இப்படிப்பட்ட ஒருவர் கார் ஷெட்டுக்குள் மரத்தில் கயாக் படகு கட்டப்போகிறேன் என்று கிளம்பும்போதே மனைவி சுதாரித்திருக்க வேண்டும். அவள் வேறு யோசனையில் இருந்தாள். வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்த நேரம். "பொழுது போகட்டும்" என்று விட்டுவிட்டாள். கார் தெருவுக்குப் போனது, படகு உள்ளே வந்தது.

மரவேலையைப் பொறுத்தவரை கேப்டனைக் குறை சொல்ல முடியாது. மெல்லிய கீற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டி, வளைத்து, செதுக்கி, ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும்படி மீன்போல ஒடிசலாக ஒரு படகைச் செய்துவிட்டார். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தினார். இனி எபாக்ஸி பூசினால் முடிந்தது. கதை தொடங்குவது அந்த 'முடிந்தது'வில்தான்.

எபாக்ஸி என்பது இரண்டு திரவங்கள். ஒன்று பிசின், இன்னொன்று அதை இறுகவைக்கும் ஹார்ட்னர். இரண்டையும் அளந்து கலந்து, ஸ்பான்ச் உருளையால் தேய்த்து, பிரஷ் நுனியால் மேலோட்டமாக நீவிவிட்டால் தேன்போலப் பரவி, மறுநாள் கண்ணாடிபோல இறுகிவிடும். கேப்டன் பார்த்த வீடியோவில் அப்படித்தான் ஆகிறது.

கேப்டன் முதல் பூச்சைக் காலை வெயிலில் பூசினார். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருந்த காற்றெல்லாம் சூடாகி வெளியே வந்தது. படகு முழுக்க சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழ். தேய்த்து எடுத்தார். அடுத்த முறை, சாயங்காலத்தில் பூசவேண்டும் என்று தெரிந்துகொண்டு, நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு பெரிய டப்பா நிறையக் கலந்தார். நிறையக் கலந்தால் அது தனக்குத்தானே கொதிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. புகை கக்கும் டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் தெருவில் ஓடிய ஓட்டத்தை எதிர்வீட்டுக்காரர் இன்றும் நடித்துக் காட்டுகிறார். மூன்றாவது முறை தட்டையான தட்டில் கொஞ்சமாகக் கலந்தார், ஆனால் தடிமனாகப் பூசிவிட்டார். மெழுகுவர்த்தி உருகியதுபோல வடிந்து நின்றது. அதையும் தேய்த்தார்.

தேய்த்துத் தேய்த்து வீட்டில் எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தூசி. சீருடை வாங்க வந்த ஒரு பெண்மணி, "இது வெள்ளையா, சாம்பலா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம், தட்டையான தட்டு, மெல்லிய பூச்சு. எல்லாம் கைவந்த பிறகுதான் அந்தக் குழிகள் வந்தன.

சின்னச் சின்ன வட்டக் குழிகள். பூசியவுடனேயே எபாக்ஸி சில இடங்களில் 'நான் இங்கே ஒட்டமாட்டேன்' என்று விலகி நிற்கும். உற்றுப் பார்த்தால் மீன் கண்கள் கூட்டமாக முறைப்பதுபோல இருக்கும். தேய்த்து மறுபடி பூசினால் மறுபடி வரும். எண்ணெய்ப் பசை இருந்தால் இப்படி ஆகும் என்று எல்லா வீடியோக்களும் ஒரே குரலில் சொல்லின.

"எண்ணெய்!" என்றார் கேப்டன். அவர் கண் நேராகச் சமையலறைப் பக்கம் போனது.

சமையலறை மாமியாருடைய ராஜ்யம். மகள் வீட்டோடு இருக்கும் மாமியாருக்கு வாழ்க்கையில் இரண்டே சந்தோஷங்கள். ஒன்று, எண்ணெயில் எதையாவது பொரிப்பது. இன்னொன்று, பெரிய மாப்பிள்ளையிடம் சின்ன மாப்பிள்ளையைப் புகழ்வது. கேப்டனால் இரண்டாவதைத் தடுக்க முடியாது. முதலாவதைத் தடுத்தார்.

"அத்தை, நீங்க பொரிக்கிற ஆவி காத்துல வந்து படகுல படியுது."

"ஒரு முட்டை பொரிச்சேன் மாப்ள. ஒரே ஒரு முட்டை."

"ஒரு முட்டைதான் அத்தை, ஆனா அதோட ஆவி?"

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் அவித்தது. முட்டை அவித்தது, கிழங்கு அவித்தது, காய் அவித்தது. மாமியார் சாப்பாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "ஆஸ்பத்திரியிலகூட இதவிட ருசியா போடுவாங்க" என்று தட்டிடம் சொல்வார். மனைவியின் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடுவது வாசலுக்கு வெளியே மாற்றப்பட்டது. மழை நாளில் அவள் குடை பிடித்துக்கொண்டு மெஷினுக்கு எண்ணெய் போட்டாள். எதிர்வீட்டுக்காரருக்கு நடித்துக் காட்ட இன்னொரு காட்சி கிடைத்தது.

குழிகள் மட்டும் குறையவில்லை.

ஒருநாள் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் அது தீர்ப்பு.

"ஏங்க, படுக்கையில நமக்கு நடுவுல நாப்பது பாவாடை படுத்திருக்கு. எனக்கு ஷெட்டு வேணும். மெஷினெல்லாம் அங்க போகணும்."

"இன்னும் ஒரே ஒரு பூச்சு..."

"இதையே போன மழைக்கு முன்னாடியும் சொன்னீங்க. வர்ற ஞாயித்துக்கிழம அது தண்ணியில இறங்கணும். இல்லன்னா தம்பி பேக்கரிக்குப் போகும்."

தம்பி என்றால் சகலை. அவள் தங்கையின் புருஷன். பேக்கரி வைத்திருப்பவர். படகைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு அதன்மேல் ஒரு கண்.

"நடுவுல குறுக்கால அறுத்து ரெண்டா நிக்க வெச்சா ரெண்டு ஷெல்ஃப் சகலை" என்று கையால் அறுத்தே காட்டினார். "ஒண்ணுல பன்னு, இன்னொண்ணுல பிஸ்கட். மேல ஒரு லைட்டு. வர்றவன் வாயப் பொளந்துட்டு நிப்பான்."

அறுப்பதா? பன்னா? கேப்டன், தன் கையால் வளைத்த ஒவ்வொரு கீற்றும் கிரீம் பன்னைத் தாங்கி நிற்பதை நினைத்துப் பார்த்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"எதுக்கு இவ்ளோ யோசனை? இப்படியே இறக்குங்களேன்" என்றாள் மனைவி. "குழி இருக்கறது தண்ணிக்கா தெரியப்போகுது?"

"தண்ணிக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே!"

ஆக, விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பளபளப்பு வரவேண்டும். வராவிட்டால் கேப்டன் தன் கையாலேயே இறக்கமாட்டார். இறக்காவிட்டால் ரம்பம்.

அடுத்த இரண்டு நாள் கேப்டன் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து துப்பறிந்தார். குழிகளை வில்லை பார்க்கும் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தார். அப்போதுதான் அந்த உண்மை தெரிந்தது. குழிகள் கண்டபடி இறைந்து கிடக்கவில்லை. படகின் நீளத்துக்கும் கோடுகோடாக ஓடி, கூர்மையான முனைப் பக்கத்தில் ஒரு இடத்தில் கொத்தாகச் சேர்ந்திருந்தன. அந்தக் கொத்துக்கு ஒரு உள்ளங்கையும் ஐந்து விரல்களும் இருந்தன.

"யாரோ கைய வெச்சிருக்காங்க!" என்று கத்தினார்.

சகலை அப்போது அளவெடுக்கும் டேப்போடு வந்திருந்தார். படகு அவர் பேக்கரிக் கதவுக்குள் நுழையுமா என்று பார்க்க. கேப்டனுக்கு வேறு சாட்சியே வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. எல்லோரையும் ஷெட்டுக்குக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்.

"ஒவ்வொருத்தரா கைய வைங்க. யார் கை பொருந்துதோ, அவங்கதான்."

"போலீஸ்ல சேர்ந்திருக்கலாம் நீங்க" என்றார் சகலை.

"முதல்ல நீங்க வைங்க."

சகலை கை வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றும் நன்றாகப் பொங்கிய ரொட்டி. கொத்தையே மூடிவிட்டன. கேப்டனுக்குப் பெருத்த ஏமாற்றம். "அழுத்தாம வைங்க" என்று இன்னொரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தார். பொருந்தவில்லை.

மாமியார் கை வைத்தார். சின்னக் கை. பாதிக் குழிகள் வெளியே நின்றன. "நான் இந்த ஷெட்டுப் பக்கமே வர்றதில்ல மாப்ள. வந்தா அவிச்ச வாடை அடிக்குமோன்னு பயம்."

மனைவி கை வைத்தாள். ஒல்லியான நீண்ட விரல்கள். இடைவெளியே ஒத்துவரவில்லை. ஆனால் அவள் கையை எடுக்காமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். துணியில் விழுந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தே அது மெஷின் கறையா, சாப்பாட்டுக் கறையா, ஆள் கறையா என்று சொல்லிவிடுகிறவள்.

"சுண்டுவிரலு வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கு பாருங்க" என்றாள்.

எல்லோரும் கேப்டனின் கையைப் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்தவர் ஒரே ஒருவர்தான். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அந்த விரல் தனியாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும்.

"நீங்களும் ஒருவாட்டி வைங்களேன் சகலை" என்றார் சகலை, குரலில் வெல்லப்பாகு ஊற.

"நான் எதுக்கு? நான் இதைக் கட்டினவன்."

"சும்மா. விளையாட்டுக்கு."

கேப்டன் வைத்தார். உள்ளங்கை உள்ளங்கையில் உட்கார்ந்தது. நாலு விரலும் நாலு இடத்தில் படுத்தன. சுண்டுவிரல் தன் வீட்டுக்குத் தானே போவதுபோல வளைந்துபோய்ச் சேர்ந்தது.

"அடடா" என்றார் மாமியார். "அளவெடுத்துத் தச்ச மாதிரில்ல இருக்கு!"

நடந்தது என்னவென்று கேப்டனுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. தேய்த்து முடித்து, தூசி தட்டி, தின்னர் துணியால் துடைத்து, உலகத்திலேயே சுத்தமான பரப்பாக ஆக்கிய பிறகு, பூசுவதற்கு முன்னால், அவர் கண்ணை மூடிக்கொண்டு படகை வெறுங்கையால் ஒரு தடவு தடவுவார். வழவழப்பைக் கண்ணைவிட கைதான் சரியாகச் சொல்லும் என்பது அவர் கொள்கை. தடவிக்கொண்டே போய் முனையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். குழந்தையைத் தூங்கவைத்த தகப்பன்போல. பிறகுதான் கையுறை மாட்டுவார்.

"கைதான் வெச்சீங்க, சரி" என்றாள் மனைவி. "கையில எண்ணெ எப்படி வந்துது?"

"வேர்வையா இருக்கும்."

அவள் கையைப் பிடித்து விரலைத் தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். வாசனை இல்லை. மெல்லத் தலைநிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தாள். ஷெட் விளக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருந்தது. உச்சந்தலை, படகில் எந்தப் பூச்சிலும் வராத பளபளப்போடு மின்னியது.

"இது வேர்வையில்ல."

அப்புறம் தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. ஹார்ட்னர் டப்பாக்களுக்குப் பின்னால், யாரும் கைவைக்கமாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில், ஒரு பச்சைப் புட்டி இருந்தது. வீட்டுக்குள் வைத்தால் மாமியார் கண்ணில் படும், கடையில் வைத்தால் கஸ்டமர் கண்ணில் படும். ஷெட்டைவிடப் பாதுகாப்பான இடம் ஏது? தினமும் வேலையைத் தொடங்குமுன் கதவைச் சாத்திக்கொண்டு உச்சந்தலையில் நாலு சொட்டு. துணியில் கையைத் துடைத்துக்கொள்வார்தான். யோசிக்கும்போதெல்லாம் கை தானாகத் தலைக்குப் போவதை யார் துடைப்பது? படகு விஷயத்தில் கேப்டன் யோசிக்காத நேரமே கிடையாது.

மாமியார் புட்டியை வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, ஊருக்கே கேட்கும்படி படித்தார்.

"'வழுக்கையிலும் வசந்தம். மணமற்றது.' ஏன் மாப்ள, இன்னும் வசந்தம் வந்து சேரலியே?"

சகலை ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிடி விட்டதும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"எத்தனை நாளு" என்றார் மாமியார். அவர் சிரிக்கவில்லை. "எத்தனை நாளு என்னை அவிச்ச கிழங்கு திங்க வெச்சீங்க! ஒரு முட்டை பொரிச்சதுக்கு ஜன்னலையெல்லாம் சாத்தி, என்னமோ கொலை செஞ்சவ மாதிரி பாத்தீங்களே. கொலகாரன் தலையிலேயே உக்காந்திருக்கான்!"

கேப்டன் தலையைக் குனிந்தார். குனிந்தது தப்பு. எல்லோருக்கும் இன்னும் நன்றாகத் தெரிந்தது. மனைவிகூட அப்போதுதான் சிரித்தாள்.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?"

"நீ கல்யாணத்தப்ப என் முடியத்தானே நல்லா இருக்குன்னு சொன்ன."

"வேற சொல்றதுக்கு ஒண்ணும் தோணல. அதான் சொன்னேன்."

இது ஆறுதலா அவமானமா என்று கேப்டனால் முடிவுக்கு வர முடியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிப் பூச்சு. வெயில் இறங்கி ஷெட் குளிர ஆரம்பித்திருந்தது. கேப்டன் குழிகளைத் தேய்த்து எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, தின்னரால் துடைத்தார். ஆனால் இந்த முறை அவர் தனியாக இல்லை. வரும்போதே இரண்டு கையிலும் கையுறை மாட்டிவிட்டிருந்தாள் மனைவி. தலையில் ஒரு பாவாடைத் துண்டைச் சுற்றி ஊசி குத்தியிருந்தாள். மாமியார் ஒரு முக்காலியைப் போட்டு மரக் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"கரண்டி எதுக்கு அத்தை?"

"கை மேல போச்சுன்னா தட்டறதுக்கு."

பலமுறை தட்டவேண்டி வந்தது. மாமியார் ஒருதடவைகூட சலித்துக்கொள்ளவில்லை.

துடைத்து முடித்த கேப்டன் படகின் முன்னால் நின்றார். அந்த இடத்தில்தான் வழக்கமாகத் தடவுவார். கையுறையைக் கழற்றலாமா என்று ஒரு விநாடி யோசித்தார்.

"மாப்ள" என்றார் மாமியார், கரண்டியை உயர்த்தி.

கேப்டன் உருளையை எடுத்தார். மெல்லியதாகத் தேய்த்துக்கொண்டே போக, பின்னாலேயே மனைவி பிரஷ் நுனியால் நீவிக்கொண்டே வந்தாள். துணியின் மடிப்பை இஸ்திரி போடுகிறவளின் கை. ஒரே போக்கு, ஒரே அழுத்தம், திரும்பிப் பார்ப்பதே இல்லை. முடித்ததும் மாமியார் எழுந்து சமையலறைக்குப் போனார். ஜன்னலை அகலமாகத் திறந்துவைத்தார். எண்ணெய் சடசடவென்று பொரியும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. முட்டை, கிழங்கு, கிடைத்ததெல்லாம் பொரிந்தது. கேப்டனும் ஒரு தட்டோடு போய் உட்கார்ந்தார்.

காலையில் படகில் ஒரு குழி இல்லை.

கேப்டன் விளக்கை இந்தப் பக்கம் பிடித்தார், அந்தப் பக்கம் பிடித்தார். மரத்தின் ரேகைகள் தெளிந்த நீருக்கு அடியில் கிடப்பதுபோல இருந்தன. அதன்மேல் ஷெட்டின் கூரை, விளக்கு, தன் முகம், எல்லாம் கோணாமல் தெரிந்தன. மனைவியைக் கூப்பிட்டார். முனைப் பக்கத்தைக் காட்டி, "இது நல்லாத் தெரியுதா?" என்றார். பின்பக்கத்தைக் காட்டி, "அது நல்லாத் தெரியுதா?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றாள்.

வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பதில் கேப்டனுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குச் சகலை பேக்கரி வேனில் வந்தார். வேனுக்குள் ரம்பமும் இருந்தது, ரம்பம் பிடிக்கும் ஆசாரியும் இருந்தார். "ஒரு முன்ஜாக்கிரதைதான்" என்றார் சகலை.

பிரச்சினை கரையில் ஆரம்பித்தது. கரை முழுக்கக் கூழாங்கல். கேப்டன் கல்லைப் பார்த்தார், படகைப் பார்த்தார்.

"எபாக்ஸி முழுசா இறுக இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம். அதுக்கு மேல வார்னிஷ் வேற அடிக்கணும். வெயிலுக்கு..."

"ஆசாரி!" என்று குரல் கொடுத்தார் சகலை.

"இறக்கறேன், இறக்கறேன்! ஆனா தரையில படக்கூடாது."

ஆகவே படகு பல்லக்குபோலப் போனது. ஆசாரி ஒருபக்கம், சகலை ஒருபக்கம், எதிர்வீட்டுக்காரர் ஒருபக்கம். அவர் இதைத் தவறவிடுவாரா என்ன? இடுப்பளவு ஆழம் வரை தூக்கிப்போய், தண்ணீரில் பூப்போல வைத்தார்கள். ஒரு கல் உரசவில்லை. படகு மிதந்தது. கரையில் மனைவியும் மாமியாரும் கைதட்டினார்கள்.

கரையில் வைத்து ஏறினால் எவ்வளவு சுலபம் என்று கேப்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, வழுக்கும் படகுக்குள் ஏறுவது வேறு வித்தை. ஒரு காலைப் போட்டார். படகு அந்தப் பக்கம் நழுவியது. வயிற்றைப் போட்டார். இந்தப் பக்கம் நழுவியது. "பிடிங்க!" என்றார். மூன்று பேரும் பிடித்தார்கள். அத்தனை நாள் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய வழவழப்பு. யார் பிடிக்குள்ளும் அது நிற்கவில்லை. கேப்டன் ஒருவழியாக உள்ளே உட்கார்ந்து, துடுப்பைத் தூக்கி, கரையைப் பார்த்துச் சிரித்து, அப்படியே கவிழ்ந்தார்.

படகு தலைகீழாகத் திரும்பியது.

கரையில் நின்றவர்கள் அன்றைக்குத்தான் அந்த அடிப்பக்கத்தை முழு வெயிலில் பார்த்தார்கள். மாதக்கணக்கில் தேய்த்ததெல்லாம் அந்தப் பக்கம்தான். படகு ஒழுங்காக ஓடினால் மீன்களைத் தவிர யாருமே பார்க்க முடியாத பக்கம். ஏரி முழுக்க அதில் தெரிந்தது. வானம் தெரிந்தது, கரை மரங்கள் தெரிந்தன, வாயைப் பிளந்துகொண்டு நின்ற சகலை தெரிந்தார்.

"யம்மா" என்றார் சகலை, தன்னையும் அறியாமல். "என்னா பளபளப்பு!"

கேப்டன் தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழுந்து நின்றார். இருந்த கொஞ்சம் முடியும் நெற்றியில் ஒட்டியிருந்தது. அவர் துடுப்பைத் தேடவில்லை, செருப்பைத் தேடவில்லை. ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அதைக் காட்டினார்.

"பாத்துக்குங்க! ஒரு குழி இருக்கா? ஒண்ணு இருந்தா காட்டுங்க!"

"அதெல்லாம் சரி" என்றார் சகலை, பேக்கரி ஞாபகம் திரும்பியவராக. "கவுந்துடுச்சே. கவுந்தா கணக்கில்ல அண்ணி. படகு எனக்குத்தான்."

எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள். அவள் கரையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூழாங்கற்கள்மேல் நடந்து தண்ணீருக்குள் இறங்கினாள்.

"தண்ணியில இறங்கணும்னுதான் சொன்னேன் தம்பி. எந்தப் பக்கம் இறங்கணும்னு சொல்லல. ரம்பத்த எடுத்துட்டுப் போங்க" என்றாள். பிறகு கேப்டன் பக்கம் திரும்பினாள். "நீங்க இந்தப் பக்கம் பிடிங்க. நிமித்திட்டு, நான் ஏறிப் பாக்கறேன்."